குளமா, புளோயரா? ஆற்றங்கரைச் சிற்றூருக்கு ஏற்ற கழிவுநீர் நிலையம்

தாமிரபரணி பாபநாசத்தில் மலையிறங்கியதும் விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டுதான் திருநெல்வேலிக்கு வருகிறது. வழியெல்லாம் படித்துறைகள். படித்துறைக்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ சாக்கடை வாய்கள். ஆற்று மணலில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்துதான் குடிநீர் எடுக்கிறார்கள். மேலே உள்ள ஊர் விடுவது கீழே உள்ள ஊரின் கிணற்றுக்கு வரும்.

இப்படி ஓர் ஆற்றங்கரையில் 30,000 பேர் வாழும் ஊர் ஒன்று சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது? விலைப்புள்ளி கொடுக்க வருகிற எல்லாரும் கண்ணாடிப் பாட்டிலில் தெளிந்த தண்ணீரைக் கொண்டுவந்து காட்டுவார்கள். அதை நம்பலாம்; திறப்பு விழா அன்று எல்லா முறையும் வேலை செய்யும். மன்றம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. மே மாதம் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடும்? பத்தாவது ஆண்டில் இந்த நிலையத்தை யார் ஓட்டுவார், கரண்ட் பில்லை யார் கட்டுவார்?

ஆற்றின் கணக்கு

மத்திய அரசின் 2013-ஆம் ஆண்டுக் கழிவுநீர்க் கையேடு, பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்று எடுத்துக்கொள்கிறது. ஆளுக்கு 108 லிட்டர். 30,000 பேருக்கு நாளைக்கு 32.4 லட்சம் லிட்டர், துறைக்காரர்கள் மொழியில் 3.24 எம்எல்டி. அழுக்கின் அளவுகோல் பிஓடி: தண்ணீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் பிடிக்கும் என்பது. அதே கையேட்டின்படி ஆளுக்கு நாளைக்கு 27 கிராம். ஊருக்கு 810 கிலோ. லிட்டருக்கு 250 மில்லிகிராம்.

இங்கேயே ஓர் எச்சரிக்கை. பல சிற்றூர்களில் 135 லிட்டர் குடிநீர் வருவதில்லை. 90 லிட்டர்தான் வருகிறது என்றால் கழிவுநீர் 72 லிட்டராகக் குறையும். ஆனால் அழுக்கு குறையாது. லிட்டருக்கு 375 மி.கி. ஆகிவிடும். தண்ணீரின் அளவை மட்டும் பார்த்துத் தொட்டி கட்டி, நுண்ணுயிர்களுக்கு ஊதும் காற்றின் அளவைக் குறைத்துப் போட்ட நிலையங்கள் திணறுவது இதனால்தான்.

இனி ஆற்றோடு கலப்போம். கோடையில் விநாடிக்கு அரை கன மீட்டர் ஓடுகிறது, அதாவது நாளைக்கு 4.3 கோடி லிட்டர், அதில் ஏற்கெனவே பிஓடி 2 இருக்கிறது என்று கொள்வோம். ஊர்க் கழிவை அப்படியே விட்டால் கலந்த தண்ணீரின் பிஓடி 19-க்கு மேல் போகும். அது ஆறு இல்லை, சாக்கடை. 30 மி.கி. வரை சுத்திகரித்து விட்டால் 4-க்குச் சற்றுக் கீழே. 10 வரை சுத்திகரித்தால் 2.6. குளிப்பதற்குரிய ஆற்றுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் வரம்பு பிஓடி 3, கரைந்த ஆக்சிஜன் குறைந்தது 5. ஆக 30-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தப் படித்துறையில் குளிக்கலாமா கூடாதா என்பதை முடிவுசெய்கிறது. அதே ஆற்றில் மழைக்காலத்தில் விநாடிக்கு 4 கன மீட்டர் வந்தால், 30 மி.கி. தண்ணீர் விட்டாலும் கலவை 2.3-ஐத் தாண்டாது.

சட்ட வரம்பும் இந்த இரண்டு எண்களைச் சுற்றித்தான் இருக்கிறது. 2017 அக்டோபர் அறிவிக்கை பெருநகரங்களுக்கு 20, மற்ற ஊர்களுக்கு 30 என்று பிஓடியை வைத்தது. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பிஓடி 10, மிதக்கும் திடப்பொருள் 20 என்று இறுக்கியது. புதிதாகக் கட்டுகிறவர்கள் 10-ஐ மனத்தில் வைத்துக் கட்டுவதே நல்லது. ஆனால் எல்லா மாதத்திலும் அந்தத் தண்ணீர் ஆற்றுக்குத்தான் போக வேண்டுமா என்பது தனிக் கேள்வி. அதற்குப் பிறகு வருவோம்.

பிஓடி மட்டும் பார்த்தாலும் போதாது. ஊர்க் கழிவில் 100 மில்லிக்கு ஒரு கோடி மலக் கோலிஃபார்ம் கிருமிகள் வரை இருக்கும். நல்ல நிலையம் 99 சதவீதத்தை நீக்கினாலும் ஒரு லட்சம் மிஞ்சும். ஆற்றில் பதினான்கு மடங்கு நீர்த்தாலும் 7,000. குளிக்கும் நீருக்கு உச்ச வரம்பு 2,500. எனவே கிருமிநீக்கம் செய்யாத எந்த நிலையமும் படித்துறையைக் காப்பாற்றாது. அம்மோனியா மீனைக் கொல்லும். நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஆகாயத்தாமரைக்கு உரம். அணைக்கட்டுக்கு மேலே தண்ணீர் தேங்கும் இடத்தில் அது எப்படி மண்டுகிறது என்பதைத் தாமிரபரணிக் கரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியேற்றும் குழாயை உறைகிணறுகளுக்கும் அணைக்கட்டுக்கும் கீழே, ஓடும் தண்ணீரில் வைக்க வேண்டும். எத்தனை நல்ல நிலையம் கட்டினாலும் குழாயைத் தேக்கத்தில் விட்டால் பாதிப் பயன் போய்விடும்.

மலக்கசடு நிலையம் மட்டும் போதுமா?

பாதாளச் சாக்கடைக்குப் பணம் இல்லாத பேரூராட்சிகளுக்கு இப்போது முதலில் முன்வைக்கப்படும் வழி இது. செப்டிக் டேங்க் லாரிகள் வயலிலோ ஓடையிலோ கொட்டாமல், ஒரே இடத்தில் கொட்டி உலர்த்துவது. கர்நாடகத்தில் தேவனஹள்ளியில் 2015-இலும், நம் பக்கம் கருங்குழியில் 2017-இலும் இப்படி நிலையங்கள் வந்தன. கருங்குழி நிலையம் பக்கத்து மதுராந்தகத்தின் கசட்டையும் வாங்குகிறது.

30,000 பேர் என்றால் 7,500 வீடுகள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு தொட்டியையும் உறிஞ்சினால் ஆண்டுக்கு 2,500 லோடு, வேலைநாளுக்கு எட்டு லோடு. லோடுக்கு 4,000 லிட்டர் வைத்தால் நாளைக்கு 32 கன மீட்டர். உலர்படுக்கைகள், வடிநீருக்கு ஒரு சிறு சுத்திகரிப்பு. இடமும் மின்சாரமும் குறைவு.

ஆனால் ஆற்றின் கண்ணால் பார்த்தால் இது பாதி வேலைகூட இல்லை. வீட்டிலிருந்து வெளியேறும் தண்ணீரில் கழிப்பறைப் பங்கு ஏறக்குறைய நாலில் ஒன்று. குளியல், துவையல், சமையல் தண்ணீர் எப்போதும்போலத் தெருச் சாக்கடை வழியே ஆற்றுக்குத்தான் போகும். செப்டிக் டேங்கிலிருந்து வழியும் தண்ணீரும் பல தெருக்களில் அதே சாக்கடையில்தான் விழுகிறது. அப்படியென்றால் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். 4,000 லிட்டர் லோடு ஒன்றின் பிஓடி லிட்டருக்கு 5,000 மி.கி. என்று வைத்தால் 20 கிலோ. 740 பேரின் ஒருநாள் கழிவு ஒரே நிமிடத்தில் ஓடையில் விழுவதற்குச் சமம். அதைத் தடுக்கும் செலவு சிறியது. ஆற்றைக் காக்க இதுவே முதல் படி, கடைசிப் படி அல்ல.

திருச்சியில் செய்வதுபோல லாரியை நேரே கழிவுநீர் நீரேற்று நிலையத்தில் கொட்டவைத்து, பெரிய நிலையத்தோடு சேர்த்துச் சுத்திகரிக்கவும் செய்யலாம். சிறிய நிலையத்துக்கு இதில் ஆபத்து உண்டு. எட்டு லோடும் வந்தால் 160 கிலோ பிஓடி, நம் ஊரின் மொத்தச் சுமையில் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. காலை பத்து மணிக்கு நாலு லாரி வரிசையாகக் கொட்டினால் காற்றுத்தொட்டியில் ஆக்சிஜன் பூஜ்யமாகிவிடும். ஒரு தனித்தொட்டியில் வாங்கி, கல், துணி, நாப்கின் எல்லாம் சல்லடையில் எடுத்து, இரவு முழுக்கச் சிறுகச் சிறுக விட வேண்டும்.

நிலைப்படுத்தும் குளங்கள்

இனி முழுக் கழிவுநீருக்கு வருவோம். குளம் என்றாலே நம் பொறியாளர்களுக்குக் கொஞ்சம் இளக்காரம். ஆனால் 25 டிகிரிக்குக் கீழே தண்ணீர் அரிதாகவே போகும் ஊரில் இதைப்போல முரட்டு முறை வேறில்லை. காற்றூதும் புளோயர் இல்லை, மின்பேனல் இல்லை, நீரேற்று பம்பைத் தவிர ஓடும் பொருளே இல்லை.

வரிசை இப்படி: சல்லடை, மணல்பிரிப்பான், பிறகு 3.5 மீட்டர் ஆழக் காற்றில்லாக் குளம், 1.5 மீட்டர் ஆழ இடைநிலைக் குளம், கடைசியாக ஒரு மீட்டர் ஆழத்தில் இரண்டு முதிர்வுக் குளங்கள். காற்றில்லாக் குளத்தில் தண்ணீர் ஒருநாள் நிற்கும். அதிலேயே பிஓடியில் 70 சதவீதம் கழியும். இடைநிலைக் குளத்தில் நாலு நாள், முதிர்வுக் குளங்களில் தலா மூன்று நாள். நம் 3.24 எம்எல்டிக்கு நீர்ப்பரப்பு மட்டும் ஏறக்குறைய 2.9 ஹெக்டேர். கரை, வழி, கசடு உலர்த்தும் இடம் எல்லாம் சேர்த்துப் பத்து ஏக்கர்.

கிருமியைக் கொல்வதில் இந்தக் குளங்கள் கில்லாடி. பாசி பகலில் கரியமில வாயுவை இழுப்பதால் தண்ணீரின் பிஹெச் 9-க்கு மேல் ஏறுகிறது. வெயிலும் சேர்ந்து கிருமிகளை அழிக்கிறது. ஏட்டுக் கணக்கில் ஒரு கோடி கோலிஃபார்ம் இருநூறுக்குக் கீழே வந்துவிடும். குளோரினே வேண்டாம். குடற்புழு முட்டைகள் அடியில் தங்கிவிடும். குறையும் அதே பாசிதான். வெளிவரும் தண்ணீர் பச்சையாக இருக்கும். திடப்பொருள் 50 முதல் 100 மி.கி. வரை போகும். 10/20 என்ற வரம்பை இது எட்டாது. பிற்பகல் இரண்டு மணிக்கு மாதிரி எடுத்தால் பிஹெச் வரம்பும் (6.5 முதல் 9) மீறியிருக்கலாம், அந்த நேரத்தில் அம்மோனியாவும் மீனுக்கு அதிக நஞ்சாகிறது. கோடையில் மெலிந்த ஆற்றில் இதை நேரே விடக் கூடாது.

கெட்டுப்போகும் வழிகளும் தெரிந்தவைதான். மணல் கலந்த ஆற்றங்கரை நிலத்தில் களிமண் மெத்தையோ எச்டிபிஈ பிளாஸ்டிக் விரிப்போ போடாமல் வெட்டினால், குளம் நிரம்பவே நிரம்பாது. தண்ணீர் நேரே உறைகிணற்றுப் பக்கம் கசியும். உள்வாயும் வெளிவாயும் நேருக்கு நேர் இருந்து, காற்றும் அதே திசையில் அடித்தால், நாலு நாள் நிற்க வேண்டிய தண்ணீர் ஒரே நாளில் குறுக்கே ஓடிவிடும். நீளத்தை அகலத்தைப்போல் மூன்று மடங்கு வைத்து, வாய்களை எதிரெதிர் மூலையில் வைக்க வேண்டும். இடைநிலைக் குளத்தின் வெளிவாயில் 60 செ.மீ. ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்கும்படி தடுப்பு இருந்தால் பாசிப் படலம் கூடவே வராது. கரையில் சிமெண்டு சிலாப் இல்லாவிட்டால் புல் தண்ணீருக்குள் இறங்கும், கொசு பெருகும், ஊர்க்காரர்கள் மனு எழுதுவார்கள். ஆகாயத்தாமரை மூடினால் வெயில் உள்ளே போகாது, பாசி சாகும், நாற்றம் கிளம்பும். இடைநிலைக் குளம் பச்சையிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறினால் தாங்க முடியாத சுமை வருகிறது என்று பொருள். காற்றில்லாக் குளம் வீடுகளிலிருந்து குறைந்தது 200 மீட்டர், முடிந்தால் 500 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

பலர் கவனிக்காதது கசடு. ஆளுக்கு ஆண்டுக்கு 40 லிட்டர் சேரும் என்பது வழக்கமான கணக்கு. 30,000 பேருக்கு 1,200 கன மீட்டர். காற்றில்லாக் குளத்தின் கொள்ளளவு 3,240. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் எடுக்க வேண்டும் என்பது விதி. அதாவது ஏறக்குறைய ஆண்டுதோறும். "குளத்துக்குப் பராமரிப்பே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைக் காட்டுங்கள். இரண்டு காற்றில்லாக் குளம் வெட்டி, ஒன்றைக் காயப்போடும்போது மற்றதை ஓட்டுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

காற்றூட்டும் முறைகள்

நிலம் இல்லை என்றால் காற்றைக் காசு கொடுத்து ஊத வேண்டும். இந்தக் குடும்பத்தில் மூன்று பேர் போட்டிக்கு வருவார்கள்.

முதலாமவர் நீள்காற்றூட்டல், ஓவல் வாய்க்காலில் தண்ணீரைச் சுற்றவிடும் ஆக்சிடேஷன் டிச்சும் இதன் உறவுதான். 3,240 கன மீட்டர் தொட்டி, தண்ணீர் ஒருநாள் நிற்கும். தொட்டிக் கசட்டின், அதாவது அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்த் திரளின், அடர்வு லிட்டருக்கு 3,500 மி.கி. அளவில், கசட்டின் வயது (அது நிலையத்தில் தங்கும் காலம்) இருபது நாளுக்கு மேல். பின்னால் கசடு படிந்து தண்ணீர் தெளிய, 13 மீட்டர் விட்டத்தில் இரண்டு தெளிவிப்பான்கள். அடியில் படியும் கசட்டைத் திரும்ப முன்னால் அனுப்பும் பம்பு. தொட்டி பெரிது என்பதால் காலை எட்டு மணி நெருக்கடியையும் கல்யாண மண்டபத்து எண்ணெயையும் அலட்டிக்கொள்ளாமல் வாங்கிக்கொள்ளும். முன்னால் காற்றில்லாமல் கலக்கும் ஒரு பகுதியை ஒதுக்கினால் நைட்ரஜனும் குறையும். சரியாக ஓட்டினால் பிஓடி பத்துக்குக் கீழே வரும்.

இரண்டாமவர் எஸ்பிஆர். இப்போது டெண்டர்களில் அதிகம் அடிபடும் பெயர். தெளிவிப்பான் தனியாக இல்லை. ஒரே தொட்டியில் நிரப்பிக் காற்றூதுவது இரண்டு மணி நேரம், அசையாமல் படியவிடுவது ஒரு மணி, மேல்தண்ணீரை வடிக்கும் டிகாண்டரை இறக்கி எடுப்பது ஒரு மணி. இரண்டு தொட்டி மாறிமாறி ஓடும். நாளைக்குப் பன்னிரண்டு சுற்று, சுற்றுக்குச் சராசரி 270 கன மீட்டர். இடம் குறைவு, தண்ணீர் மிகத் தெளிவு, நைட்ரஜன் நீக்கம் சுற்றுக்குள்ளேயே நடந்துவிடும். எண்களைப் பார்த்தால் இதுதான் முதலிடம். ஆனால் எல்லாமே பிஎல்சி என்ற தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் தலையில். டிகாண்டரின் லிமிட் சுவிட்சு ஒன்று பழுதானால் படியும் முன்னே தண்ணீர் எடுத்து, கசட்டோடு ஆற்றுக்கு அனுப்பிவிடும். கவனிக்க ஆளில்லாத இரவில் அது விடியும்வரை நடக்கும். பிஎல்சி நிரலின் கடவுச்சொல்லைக் கம்பெனி தன்னிடமே வைத்துக்கொண்டு, ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடும் நிலைமைக்கு இடம் கொடுக்கக் கூடாது. நிரலும் கடவுச்சொல்லும் நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது டெண்டரில் எழுத வேண்டிய வரி.

மூன்றாமவர் எம்பிபிஆர்: பிளாஸ்டிக் வட்டுகளில் நுண்ணுயிர்ப் படலம் வளர்த்து, கசட்டைத் திருப்பி அனுப்பாமல் ஓட்டுவது. இடம் சிறிது, அபார்ட்மெண்டுகளுக்குச் சரி. ஆற்றங்கரை ஊருக்கு எங்களுக்கு விருப்பமில்லை. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹூக்செட் என்ற சிற்றூரில் 2011 மார்ச்சில் கனமழையின்போது தொட்டி வழிந்து, லட்சக்கணக்கான வட்டுகள் மெரிமேக் ஆற்றில் இறங்கிக் கடற்கரைவரை போயின. ஆற்றைக் காக்கக் கட்டியதே ஆற்றில் பிளாஸ்டிக்கைக் கொட்டியது. தடுப்புச் சல்லடை அடைத்துக்கொண்டால் எந்த ஊரிலும் இது நடக்கும்.

மூன்றுக்கும் மின்சாரம் பொது எதிரி. 810 கிலோ பிஓடிக்கும் 160 கிலோ நைட்ரஜனுக்கும் சேர்த்து நாளைக்கு ஒன்றரை டன் ஆக்சிஜனுக்குக் குறையாமல் தேவை. தொட்டியின் அடியில் காற்றைக் குமிழியாக விடும் நுண்குமிழி டிஃப்யூசர் களத்தில் யூனிட்டுக்கு இரண்டு கிலோ ஆக்சிஜன் கரைக்கும் என்று கொண்டால் காற்றுக்கு மட்டும் 750 யூனிட்டுக்கு மேல்; கலக்கி, பம்பு எல்லாம் சேர்த்து ஆயிரம். யூனிட் எட்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 29 லட்சம். டிஃப்யூசர் ரப்பர் ஐந்து முதல் ஏழு ஆண்டில் கெட்டிப்பட்டு அடைக்கும். பிறகு அதே காற்றுக்குப் புளோயர் அதிகக் கரண்ட் தின்னும். புளோயரின் அழுத்தமானி மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறதா என்று குறித்துவைத்தாலே இது முன்கூட்டித் தெரியும். கரண்ட் போய் ஐந்தாறு மணி நேரம் காற்று நின்றால் கசடு அழுகத் தொடங்கும், மீள நாட்கள் பிடிக்கும். ஜெனரேட்டர் இருந்தால் போதாது. டீசலுக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

யுஏஎஸ்பி (காற்றில்லாத தொட்டியில் கழிவுநீரைக் கசட்டுப் படுகை வழியே கீழிருந்து மேலே ஏற்றும் முறை) பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி. 1989-இல் கான்பூரில் 5 எம்எல்டி நிலையத்தோடு நம் நாட்டில் கால்வைத்தது. மின்சாரம் கேட்காது, ஆனால் வெளிவரும் தண்ணீரில் ஆக்சிஜனே இருக்காது, பின்னால் இன்னொரு நிலையம் வேண்டும். 3 எம்எல்டிக்கு அந்தத் தொல்லை தேவையில்லை. கல்வாழை, சம்பு நட்ட சரளைப் படுக்கைகள் அழகானவை. ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீட்டர் கேட்கும், 30,000 பேருக்கு மூன்று முதல் ஆறு ஹெக்டேர். தனியே ஒதுங்கிய ஒரு வார்டுக்கோ ஓர் ஓடைக்கோ வைத்துக்கொள்ளலாம். முன்னால் கசட்டைப் பிரிக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் சரளை அடைத்து, தண்ணீர் மேலோடும்.

கசட்டை எடுக்காத நிலையம்

காற்றூட்டும் நிலையம் ஆற்றைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே வழியில்: கசட்டைக் கழிக்காமல் விடுவது. இந்த அளவு ஊரில் நாளைக்கு 500 கிலோ உலர் கசடு உருவாகும். ஒரு சதவீத அடர்வில் அது 50 கன மீட்டர் குழம்பு. பிழிந்தால் இரண்டரை டன் கட்டி. உலர்படுக்கை நிறைந்துவிட்டது, ஐப்பசி கார்த்திகை மழையில் காயவில்லை, லாரி வரவில்லை என்று இயக்குபவர் கழிப்பதை நிறுத்துகிறார். தொட்டியில் கசடு கெட்டியாகிறது. வெளித்தண்ணீர் இரண்டு வாரம் இன்னும் தெளிவாகக்கூட இருக்கும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பிறகு ஒரு மழைநாளில் தண்ணீர் கூடி வரும்போது தெளிவிப்பான் நிரம்பிக் கசடு முழுதும் ஆற்றுக்கு வழிந்துவிடும். ஒரு மாதம் பிடித்துவைத்த அழுக்கு ஒரே இரவில்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் தொட்டித் தண்ணீரை ஒரு லிட்டர் அளவுகுடுவையில் எடுத்து, அசைக்காமல் 30 நிமிடம் வைக்க வேண்டும். கசடு 250 முதல் 350 மில்லி கோட்டில் நின்றால் நல்லது. நாளுக்கு நாள் ஏறினால் கழிப்பதைக் கூட்ட வேண்டும். படிந்த கசடு ஒரு மணி நேரத்தில் குமிழியோடு மேலே மிதந்தால், தெளிவிப்பானில் கசடு அதிக நேரம் கிடந்து நைட்ரஜன் வாயு விடுகிறது. திருப்பும் பம்பைக் கூட்ட வேண்டும். படியவே மாட்டேன் என்று பஞ்சாக நின்றால் இழைக் கிருமி. பெரும்பாலும் காற்றுக் குறைவோ எண்ணெய் மிகுதியோ காரணம். ஒரு குடுவை, ஒரு கடிகாரம், ஒரு நோட்டு. நிலையத்தைப் பார்க்கப் போகும் கவுன்சிலர்கள் முதலில் அந்த நோட்டைக் கேட்கட்டும்.

கழித்த கசட்டுக்கு 1,500 சதுர மீட்டர் உலர்படுக்கை, மேலே கூரை. கூரை இல்லாத படுக்கை வடகிழக்குப் பருவமழையில் வெறும் தொட்டி. இடம் இல்லையென்றால் திருகு அழுத்தி இயந்திரம்.

கிருமிநீக்கத்துக்கு லிட்டருக்கு 5 மி.கி. குளோரின் என்றால் நாளைக்கு 16 கிலோ. 10 சதவீத ஹைப்போகுளோரைட் 160 லிட்டர். நம் வெயிலில் அதன் வீரியம் கேனிலேயே வடிந்துவிடும், இரண்டு வாரச் சரக்குக்கு மேல் வாங்கக் கூடாது. அரை மணி நேரம் தொடர்பில் இருக்கும்படி வளைவு வளைவான தொட்டி வேண்டும். பல இடங்களில் குழாய் வாயில் சொட்டவிட்டு நேரே ஆற்றுக்கு அனுப்புகிறார்கள், அது வீண். மிச்ச குளோரின் ஆற்றின் மீனுக்கு ஆகாது. புறஊதா விளக்கு மீனைத் தொடாது. ஆனால் தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் வேலை செய்யும், கண்ணாடி உறையைத் துடைக்க ஆள் வேண்டும்.

எதை எடுப்பது?

ஊருக்கு வெளியே, தாழ்வில், நீர்நிலைப் புறம்போக்கு அல்லாத பத்து ஏக்கர் கிடைத்து, பக்கத்தில் வாழையும் தென்னையும் இருந்தால் எங்கள் ஓட்டு குளத்துக்கே. காரணம் நம் பருவம். ஆறு மெலியும் கோடையில்தான் வயலுக்குத் தண்ணீர் வேண்டும்; நாளைக்கு 6 மில்லிமீட்டர் பாய்ச்சினால் 3.24 எம்எல்டி 130 ஏக்கரை நனைக்கும். பாசனத்துக்கு விடும் தண்ணீருக்குப் பிஓடி 100, திடப்பொருள் 200 வரை சட்டம் அனுமதிக்கிறது. குளத்துத் தண்ணீர் அதற்குள் சுலபமாக அடங்கும், அதிலிருக்கும் நைட்ரஜன் உரச் செலவைக் குறைக்கும். மழைக்காலத்தில் வயல் வேண்டாம் என்னும்போது ஆறு நிறைந்து ஓடும், நீர்த்துப்போகும். எந்த இயந்திரத்தாலும் எட்ட முடியாத எண்ணை இங்கே எட்டுகிறோம்: மே மாதம் ஆற்றுக்குப் போவது பூஜ்யம். நிபந்தனை, விவசாயிகளோடு எழுத்து ஒப்பந்தம் முதலில், குளம் வெட்டுவது பிறகு. கீரை, பச்சையாகத் தின்னும் காய்க்கு அந்தத் தண்ணீர் கூடாது.

இடம் மூன்று நாலு ஏக்கர்தான், தண்ணீர் ஆண்டு முழுதும் ஆற்றுக்கே போகும், கீழே படித்துறையும் உறைகிணறும் உண்டு என்றால் காற்றூட்டல்தான். அதிலும் எஸ்பிஆரைவிட நீள்காற்றூட்டலையே சொல்வோம். கான்கிரீட் கொஞ்சம் கூடும். ஆனால் உள்ளூர் எலெக்ட்ரீஷியனும் பம்பு மெக்கானிக்கும் திறந்து பார்த்துச் சரிசெய்யக்கூடியது. பக்கத்தில் மாநகராட்சி எஸ்பிஆர் நிலையம் இருந்து, அதன் ஆட்களே இதையும் கவனிப்பார்கள் என்றால் மட்டும் எஸ்பிஆர்.

நீள்காற்றூட்டலுக்குப் பின்னால் முக்கால் ஏக்கரில் ஒருநாள் கொள்ளளவுள்ள ஒரு குளம் கட்டாயம் வேண்டும். தெளிவிப்பான் வழிந்தாலும், கரண்ட் போனாலும் கசடு அந்தக் குளத்தில் விழும், ஆற்றில் விழாது. இரண்டு நாளுக்கு மேல் நிற்கும்படி பெரிதாக்கினால் பாசி வளர்ந்து சுத்தத்தைக் கெடுக்கும், ஒருநாள் போதும்.

எதைக் கட்டினாலும் இரண்டு பாதி நிலையங்களாகக் கட்டுங்கள். வீட்டு இணைப்பு முதல் ஆண்டில் நாலில் ஒரு பங்கைத் தாண்டினால் ஆச்சரியம். முழு அளவு தொட்டி பட்டினி கிடந்து, கசடு பொடியாகி வழியும். இணைப்பு வரும்வரை தெருச் சாக்கடைகள் ஆற்றில் விழும் வாயிலேயே சிறு தடுப்புச் சுவர் கட்டி, மழையில்லா நாள் தண்ணீரை மடக்கி நிலையத்துக்குக் கொண்டுவரலாம். அதற்கு முன்னால் 20 மி.மீ. சல்லடை, பின்னால் 6 மி.மீ. சல்லடை, குப்பையை அள்ள இயந்திரம், ஆளை இறக்க அல்ல. கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி ஆளை இறக்குவதைத் தடை செய்திருக்கிறது. பம்புக் கிணற்றின் வாயு யாரையும் விட்டுவைக்காது.

வெள்ள மட்டத்தை மறக்க வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய அந்த வாரம், தாமிரபரணிக் கரை என்னவாயிற்று என்பது தெரிந்ததே. புளோயர் அறை, பேனல், ஜெனரேட்டர் மூன்றும் அந்த வெள்ளக்கோட்டுக்கு ஒரு மீட்டர் மேலே இருக்கட்டும். வெளியேற்றும் குழாயின் வாயில் எதிரோட்டத்தைத் தடுக்கும் மடிப்பு வால்வு.

கடைசியாக, ஒப்பந்தத்தில் இயக்குவதற்கான தொகையை மாதச் சம்பளமாகக் கொடுக்காதீர்கள். குழாய்க்கு மேலே நூறு மீட்டரிலும் கீழே ஐந்நூறு மீட்டரிலும் மாதம் இருமுறை, ஒன்று விடியலுக்கு முன், ஆற்றுத் தண்ணீரை எடுத்து ஆக்சிஜன், பிஓடி, கோலிஃபார்ம் மூன்றையும் பாருங்கள். பாசியும் வெயிலும் ஏமாற்றாத நேரம் அதுதான். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துப் பில்லைப் பாஸ் செய்யுங்கள்.